மறுமொழி: 'வேர்ல்டு பில்டிங்' தமிழில் – புனையுலகு, உலகு புனைதல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிடித்த மிகுபுனைவு (ஃபேண்டஸி), அறிபுனை (சயின்ஸ் ஃபிக்‌ஷன்) எழுத்தாளர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய இழை ஒரு சொல்லில் வந்து நிற்கிறது, நல்லதுதான். டோல்கீனைச் சொன்னவர், லெ குவினைச் சொன்னவர், பிராட்செட்டைச் சொன்னவர் எல்லாரிடமும் ஏன் பிடிக்கும் என்று கேட்டால் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்: அவருடைய வேர்ல்டு பில்டிங், அதாவது கதைக்கென்றே ஓர் உலகத்தைக் கற்பனையில் உருவாக்கும் விதம், பிரமாதம். அந்தப் பிரமாதம் எதில் இருக்கிறது என்று பிரித்துப் பேச நமக்குத் தமிழ்ச்சொல் வேண்டும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். தனியாக நிறுத்தினால் எல்லாச் சொல்லும் அழகுதான், வாக்கியத்துக்குள் விட்டால்தான் எது நடக்கிறது, எது நொண்டுகிறது என்று தெரியும்.

> உலகாக்கம் – சுருக்கமாக இருக்கிறதே, இதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம் சரி. ஆனால் உலகமயமாக்கம் என்ற சொல் ஏற்கெனவே செய்தித்தாள் வரை புழங்குகிறது. 'இந்த நாவலில் உலகாக்கம் சிறப்பாக வந்திருக்கிறது' என்று எழுதினால் படிப்பவர் சந்தை, வணிகம் என்று வேறு பக்கம் போய்விடுவார்.

> உலகப் புனைவு

உலக இலக்கியம், உலக சினிமா வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல நாட்டுக் கதைகள் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். 'உலகப் படைப்பு' என்றால் கடவுள் வந்துவிடுகிறார்.

> உலகக் கட்டுமானம். ஆங்கிலத்தில் உள்ளதும் இதுதான், ஏன் தயங்க வேண்டும்?

இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் செங்கல்லும் சாந்தும் இருக்கிறது என்பதற்காக நாமும் சித்தாள் வேலை பார்க்க வேண்டியதில்லை. இந்த எழுத்தாளர்கள் உண்மையில் செய்வது என்ன என்று பார்த்துப் பெயர் வைப்போம். உர்சுலா லெ குவின், தன் கதைகளின் கற்பனை உலகமான எர்த்ஸீ தீவுகள் எப்படி வந்தன என்பது பற்றி எழுதிய கட்டுரையில், தான் பொறியாளர் இல்லை, தேடிப் போகிறவர், அந்த உலகத்தைத் தான் கண்டுபிடித்ததாகத்தான் சொல்கிறார். திட்டம் போட்டு எழுப்பவில்லை. அப்படிச் சொன்னவருடைய எழுத்தைப் பாராட்ட 'கட்டுமானம்' என்ற சொல்லை எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

டோல்கீனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முதலில் வந்தது மொழி. பின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கி ஒரு மொழி, வெல்ஷ் மொழியின் சாயலில் இன்னொரு மொழி என்று உருவாக்கி, அவற்றைப் பேச ஆட்கள் வேண்டுமே என்பதற்காகத்தான் அந்த மக்களும் அவர்களுடைய வரலாறும் வந்தன என்பதை அவரே சொல்லியிருக்கிறார். நம் வேலைக்கு நெருக்கமான இன்னொரு செய்தி: முதல் உலகப்போர் முடிந்து திரும்பியதும், 1919–20இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சில சொற்களின் வரலாறு அவர் தேடி எழுதியது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை நூற்றாண்டு இருக்கும் என்று நாள் முழுக்கப் பார்த்த ஆள். அதனால்தான் அவருடைய கதையில் ஓர் ஊர்ப்பெயர் வந்தால்கூட, அதற்குப் பின்னால் யாரோ வாழ்ந்து போயிருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

> திணையாக்கம் – தொல்காப்பியத்திலேயே இருக்கிறதே!

இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு பிடித்தது. இரண்டு நாள் இதோடேயே இருந்தேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகும் கருப்பொருள், அதுவும் மூடிய பட்டியல் இல்லை, 'அவ்வகை பிறவும்' என்று தொல்காப்பியர் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். இவற்றோடு அந்த மண்ணுக்கே உரிய மனநிலையாக உரிப்பொருள். இன்றைக்கு உட்கார்ந்து ஒரு கோளைக் கற்பனை செய்கிறவருக்கு இதைவிட நல்ல கேள்வித்தாள் கிடைக்காது.

ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 'டூன்' நாவலை, 1965இல் வந்தது, இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். முதற்பொருள், மழையே இல்லாத மணல். கருப்பொருள், மணற்புழுக்கள், உடம்பின் ஈரத்தைத் திரும்பப் பிடித்துத் தரும் உடை. உரிப்பொருள் எங்கே என்றால், ஒரு காட்சி இருக்கிறது. பாலைவன மக்களின் தலைவர் பிரபுவின் அவைக்கு வந்து, மேசை மேல் துப்புகிறார். சுற்றி நிற்பவர்கள் பதறுகிறார்கள். அந்த மக்களோடு பழகிய ஒருவர் குறுக்கே வந்து, உடம்பின் ஈரத்தைப் பரிசாகத் தந்ததற்கு நன்றி சொல்லி, தானும் துப்புகிறார். அவ்வளவுதான். தண்ணீர் அங்கே என்ன விலை என்று பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் இந்த ஒரு எச்சில் சொன்னதைச் சொல்லியிருக்காது. நிலத்திலிருந்து பழக்கம் வருகிறது, பழக்கத்திலிருந்து மரியாதை வருகிறது. நம் திணைக் கோட்பாடு சொல்வது இதைத்தான். இன்னொன்று, பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்கிறது சிலம்பு. ஹெர்பெர்ட்டின் கோளும் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்து திரிந்துபோன நிலம்தான். இதைக் கவனித்தபோது வந்த சிலிர்ப்பை உங்களோடு பகிராமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் திணையாக்கத்தைக் கலைச்சொல்லாக ஏற்க என்னால் முடியவில்லை. உயர்திணை, அஃறிணை என்று இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிற சொல் அது. பள்ளியில் படித்த எல்லாருக்கும் அந்த நினைவுதான் முதலில் வரும். அப்புறம், சங்கக் கவிதையைப் பேசும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் கூர்மையை நாம் மழுங்கடிக்கக் கூடாது. முதல், கரு, உரி என்ற மூன்றையும் நாவல்களை அலசும் கருவியாக எடுத்துக்கொள்வோம், மொத்தச் செயலுக்குப் பெயர் வேறாக இருக்கட்டும்.

சரி, என் முன்மொழிவு. பொருளுக்கு புனையுலகு. செயலுக்கு உலகு புனைதல்.

புனை என்பது பழைய வேர். மாலை புனைவார்கள், அணி புனைவார்கள். கை வேலை, நேர்த்தி, தொடுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. புனைபெயர், புனைகதை இரண்டும் எல்லாருக்கும் பழக்கம், அந்த வரிசையில் புனையுலகு கூச்சமில்லாமல் வந்து நிற்கும். மூன்றும் வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறின, ஊறுகிற, ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே இருப்பது போல, புனையுலகு என்றால் புனைந்த உலகு, புனைகின்ற உலகு, புனையும் உலகு. இது இலக்கணக் குறிப்புக்காகச் சொல்வதில்லை. டெர்ரி பிராட்செட்டைப் படித்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று தெரியும். ஆமை மேல் நான்கு யானை, யானை மேல் தட்டையான உலகம் என்று 1983இல் கேலியாகத் தொடங்கியது, 41 நாவல்கள் போவதற்குள் அந்த உலகத்துக்குச் செய்தித்தாள் வந்தது, அஞ்சல் சேவை உயிர்பெற்றது, கோபுரத்துக்குக் கோபுரம் சைகையில் செய்தி அனுப்பும் அமைப்பு வந்தது, கடைசியில் ரயிலும் வந்தது. முடித்து வைத்துவிட்டுக் கதை சொன்ன உலகம் இல்லை அது, கதை போகப் போக வளர்ந்த உலகம். அதற்குக் காலம் காட்டாத ஒரு சொல்தான் பொருந்தும்.

அதைவிட முக்கியமான காரணம், நமக்கு வேண்டியது வினைச்சொல். உலகாக்கம், உலகக் கட்டுமானம் எல்லாவற்றுக்கும் பின்னால் 'செய்கிறார்' என்று ஒட்ட வேண்டியிருக்கிறது. உலகு புனைகிறார், உலகு புனையத் தெரிந்தவர், அவர் உலகு புனையும் விதமே வேறு, இப்படி எல்லா வாக்கியத்திலும் வளைந்து கொடுக்கிறது. 'என்.கே. ஜெமிசின் வசைச்சொல்லிலிருந்தே உலகு புனைகிறார்' என்று எழுதிப் பார்த்தேன், ஓடியது. தெரியாதவர்களுக்கு: அவருடைய 'தி ஃபிப்த் சீசன்' நாவலில் தொடங்கும் தொடரில் பூமி அடிக்கடி குலுங்கும், சில நூற்றாண்டுக்கு ஒரு முறை நாகரிகமே கவிழும். கல்லை மதிப்பார்கள், உலோகத்தை நம்ப மாட்டார்கள். அதனால் அங்கே கோபம் வந்தால் ஆட்கள் துருவைச் சொல்லித்தான் திட்டுவார்கள். ஒருவருடைய பெயரோடு அவர் எந்த வேலைக்குரிய பிரிவு, எந்த ஊர்க்குழு என்பதும் சேர்ந்தே வரும், பேரிடர் வந்தால் யாரை உள்ளே வைத்துக்கொள்வது, யாரை வெளியே அனுப்புவது என்று முடிவு செய்ய அது வேண்டும் என்பதால். இந்தத் தொடரின் மூன்று நூல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து, அறிபுனை, மிகுபுனைவு நூல்களுக்குத் தரும் ஹியூகோ விருது வாங்கின.

பெயரைச் சொன்னதும் சுஜாதா நினைவுக்கு வராமல் இருக்குமா? 'என் இனிய இயந்திரா'வில் நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என்று எல்லாமே குட்டிப் பெயர்கள். குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும். பெயரைச் சுருக்கியதிலேயே அந்த ஆட்சியின் கை எவ்வளவு நீளம் என்று காட்டிவிடுகிறார். அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவோம், எனக்கோ இந்தச் சின்னப் பெயர்கள்தான் இன்றைக்கும் பயம்.

ஒரு கிளைச் செய்தி, தலைப்போடு ஒட்டாவிட்டாலும். லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' 1969இல் வந்தது. எப்போதும் பனியாக இருக்கும் கோள், அங்குள்ளவர்கள் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, யார் வேண்டுமானாலும் தாயாகலாம். ஆங்கிலத்தில் அவர்கள் எல்லாரையும் 'அவன்' என்ற பிரதிப்பெயரால் எழுதிவிட்டதைப் பற்றி லெ குவின் பிற்பாடு மனம் மாறி எழுதினார். தமிழில் 'அவர்' என்ற ஒரே சொல் ஆண்பால், பெண்பால் என்றும் காட்டாது, மரியாதையும் தரும். அந்த நாவலைத் தமிழில் நல்லபடியாகக் கொண்டுவருகிறவர், மூலத்துக்கே கிடைக்காத ஒரு வசதியோடு வேலை செய்வார். யாராவது செய்யுங்கள், மெய்ப்பு பார்க்க நான் வருகிறேன்.

அன்புடன்.

---

மறுநாள் சேர்ப்பது. மறுமொழிகளுக்கு நன்றி. இரண்டு எதிர்ப்புகள் வலுவானவை.

> புனை என்றால் பொய் என்ற வாடையும் உண்டே. புனைசுருட்டு?

உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்ட பெயர் சுருட்டு ஒட்டுவதால் வருவது. புனைகதை எழுதுகிறவரை யாரும் பொய்யர் என்பதில்லை. வழக்குமன்றச் செய்தியில் 'கதை புனைந்தார்' என்றால் குற்றம், இலக்கிய மடலில் 'உலகு புனைந்தார்' என்றால் பாராட்டு. சூழல் பார்த்துக்கொள்ளும்.

> வேர்ல்டு பில்டிங் என்றே விட்டால் என்ன? ரோபோ என்று சொல்லவில்லையா?

ரோபோவை நானும் அப்படியேதான் சொல்வேன். காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்துக்காக அவருடைய அண்ணன் யோசெஃப் எடுத்துக் கொடுத்த சொல் அது, கட்டாய உழைப்பு என்ற பொருளுள்ள செக் சொல்லிலிருந்து. ஆங்கிலமும் அதைக் கடனாகத்தான் வாங்கியது, அப்புறம் அதிலிருந்து அறிபுனை எழுத்தாளர் அசிமோவ் 1941இல் ரோபாட்டிக்ஸ் என்று எழுதினார், அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல் என்றே நினைத்துக்கொண்டு. பொருளின் பெயர் கடல் கடந்து வரலாம், தப்பில்லை. ஆனால் ஓர் எழுத்தாளரின் கைவேலையைப் பற்றி வாய் நிறையப் பேச வேண்டுமென்றால் நம் வினைச்சொல் வேண்டும். வேர்ல்டு பில்டிங்கை 'புனைந்திருந்தால்', 'புனையாவிட்டால்' என்று நம்மால் மடக்க முடியாது.

டோல்கீனே இதற்கு ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார். டச்சு, ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்புகளில் பெயர்களைக் கையாண்ட விதம் பிடிக்காமல், மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு குறிப்பேடு தயாரித்தார். எந்தப் பெயர்களைப் பொருள் பார்த்து மாற்ற வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார், அதில் இல்லாதவற்றை அப்படியே விடச் சொல்கிறார். நாமும் அப்படியே பிரிக்கலாம். படிப்பவருக்குப் பொருள் தெரிய வேண்டிய சொல்லைத் தமிழாக்குவோம், அந்த உலகத்துக்குள்ளேயே பிறந்த சொல்லைத் தொட வேண்டாம்.

அதனால் நம் கலைச்சொல் பட்டியலில் புனையுலகு, உலகு புனைதல் இரண்டையும் ஏற்றுகிறேன், எடுத்துக்காட்டு வாக்கியம் அந்த ஜெமிசின் வாக்கியம்தான். எதிர்ப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்து 'ஆன்சிபிள்' கேட்டிருந்தீர்கள், விண்மீன்களுக்கிடையே அந்த நொடியிலேயே செய்தி கொண்டுபோகும் கருவி. 1966இல் லெ குவின் படைத்த சொல், பின்னால் வேறு எழுத்தாளர்களும் தங்கள் கதைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதை ஆன்சிபிள் என்றே விடுவோம்.