குருவானவரின் மாறுதலும் ஒரு மனுவும்

ஊர் அத்தை (காலை 6.40): நம் குடும்பக் குழுவில் அனைவருக்கும் ஸ்தோத்திரம். சில சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் குருவானவருக்கு மாறுதல் வந்துவிட்டதென்று நேற்று ஆராதனை முடிவில் அறிவித்தார்கள். அவரை இங்கேயே விட்டுவைக்கும்படி பேராயருக்கு மனு எழுதியிருக்கிறோம். வெளியூரில் இருக்கும் நீங்களும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சம்மதம் தர வேண்டும்.

சென்னை அண்ணன் (6.52): தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அத்தை. அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, நான் ஒரு மணி நேரமாவது கண் அயரட்டும் என்று நம் குருவானவர் ஐயர் இரவில் படுக்கையருகே நாற்காலியில் தாமே உட்கார்ந்திருந்தார்.

பாளை சித்தப்பா (7.15): பெயர் கொடுக்குமுன் நம் திருநெல்வேலியின் பழைய கதை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, ஊர் ஊராய்ச் சபைகளைக் கட்டியெழுப்பிய ஜெர்மானிய மிஷனரி இரேனியஸ் ஐயரை, ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி எழுதினார் என்பதற்காக, அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம் 1835இல் விலக்கியது. ஆற்காட்டுக்குப் போய்விட்டவரை, சபை ஊழியர்களான உபதேசிமார் திரும்ப அழைத்துவந்தார்கள்; அதன் பிறகு சங்கத்தின் பக்கம் என்றும் ஐயரின் பக்கம் என்றும் சபைகள் பிளந்து நின்றன. 1838இல் அவர் மரித்த பின்புதான் பிளவு ஆறத் தொடங்கியது. அன்பினால் தொடங்கியதுதான் அதுவும்.

ஊர் அத்தை (7.31): தம்பி, அவரை விலக்கினார்கள், இவருக்கு வந்திருப்பது மாறுதல் மட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. இவருக்கு முன்பிருந்தவர் நம் தெருவுக்குள் வந்ததெல்லாம் அடக்க ஆராதனைக்குத்தான். சபையார் செலுத்த வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி என்று சொல்லி, ஞானஸ்நானச் சான்றிதழுக்கு என்னை மூன்று முறை அலையவிட்டதையும் நான் மறக்கவில்லை.

பாளை சித்தப்பா (7.48): அது தவறுதான், அக்கா, மறுக்கவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து, மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். குருவானவரிடம் நாமும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். ஆனால் அவருக்கு நாம் நண்பர்களாக இருந்தோமா? நீங்கள் சொல்லும் அதே மனிதர் இருந்தபோது, மழையில் அவர் குடியிருந்த குருமனை ஒழுகியது. செலவுக்குப் பணம் ஒதுக்காமல் சேகரக் கமிட்டி ஒரு வருடம் இழுத்தடித்தது. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். கைக்குழந்தையோடு அவர் மனைவி பாத்திரங்களை ஏந்தி வைத்திருந்ததை நேரில் பார்த்துவிட்டு வந்தும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

சென்னை அண்ணன் (7.55): சித்தப்பா, இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லையே.

நான் (8.02): அத்தை, இப்போதிருக்கும் ஐயருக்கு இங்கே தொடர விருப்பமா என்று யாராவது கேட்டீர்களா? அவருடைய தாயார் தனியாக இருப்பதாகப் போன அசனப் பண்டிகை விருந்தின்போது என்னிடம் சொன்னார்.

ஊர் அத்தை (8.20): கேட்கவில்லை. நாற்பது பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சாயங்காலம் குருமனைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை மனு என் பையிலேயே இருக்கட்டும்.