தூங்கா நகரமா, பதினொரு மணிக்கு ஷட்டர் இறக்குற நகரமா?

டவுன்ஹால் ரோடு:
மக்களே, ஒரு கோரிக்கை. இனிமே யாரும் மதுரைய தூங்கா நகரம்னு போடாதீங்க. ரீல்ஸ்ல கோபுரத்தைக் காட்டி பின்னாடி மேளத்தைப் போட்டு "எங்க ஊரு தூங்காதுடா"ன்னு சலம்புறதையும் கொஞ்சம் நிறுத்துங்க. ராத்திரி பதினொன்னு அடிச்சப்புறம் நாலு மாசி வீதியையும் ஒரு ரவுண்டு வந்து பாருங்க, நாயும் ஏடிஎம் வெளிச்சமும்தான் முழிச்சிருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் ஜேஜேன்னு இருக்கும், ஒத்துக்கிறேன். அந்த வாரம் எந்த ஊருதான் தூங்குது?

சால்னா கிங்:
அண்ணே நீங்க இருக்கறது மதுரைதானா இல்ல மேப்ல தப்பா ஏதும் பாத்துட்டீங்களா? நேத்து ராத்திரி பன்னெண்டே காலுக்கு நான் கொத்து பரோட்டா சாப்புட்டேன், கூட ஆப்பாயில் ரெண்டு. எந்த ஏரியான்னு சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கு அங்கயும் கடைய மூடச் சொல்லி போலீஸ் ஜீப் வந்துரும்.

டவுன்ஹால் ரோடு:
பாத்தீங்களா, கடை பேரச் சொல்லவே பயம். அதைத்தானய்யா நானும் சொல்றேன்.

கோரிப்பாளையத்தான்:
சால்னா கிங் சொல்றது எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அப்படித்தான் சாப்புடுறேன். எப்படின்னா, பத்தே முக்காலுக்கே மாஸ்டர் ஒரு கண்ண ரோட்டு மேல வச்சுத்தான் மாவு வீசிக்கிட்டு இருப்பாரு, தூரத்துல நீல லைட்டு தெரிஞ்சதும் கல்லுல ஒரு செம்புத் தண்ணிய ஊத்துவாரு பாருங்க, புஸ்ஸுன்னு ஆவி கிளம்பும், நாங்க கடைய மூடிட்டோம் சார்னு அர்த்தம். முன்னாடி ட்யூப் லைட்ட அணைச்சுருவாங்க, ஷட்டர் முக்காவாசி இறங்கிரும், உள்ள இருக்கறவன் பரோட்டாவ சால்னால ஊறப்போட்டு சத்தமில்லாம தின்னுட்டு குனிஞ்சு வெளிய வரணும். ஜீப் தாண்டுன அஞ்சு நிமிசத்துல கல்லு மறுபடி சூடாயிரும். தூங்கல, சரி. ஆனா தூங்கற மாதிரி நடிக்கிற ஊரு.

வைகை வடகரை:
தூங்கா நகரம்ங்கிறது நேத்து வந்த பேரு இல்ல. சங்கப் பாட்டு மதுரைக்காஞ்சிலயே நாளங்காடி, அல்லங்காடின்னு ரெண்டு இருக்கு. பகல் கடைவீதி ஒன்னு, ராத்திரி கடைவீதி ஒன்னு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நைட் மார்க்கெட் நடத்துன ஊருய்யா இது. சும்மா ஒரு வாரம் பரோட்டா கிடைக்கலன்னு பட்டத்தப் புடுங்கப் பாக்குறீங்க.

தமிழ் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, அதே மதுரைக்காஞ்சிய இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி வாசிச்சிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. அல்லங்காடில ஒரே ஆரவாரம், வாஸ்தவம். அது முதல் யாமம், அதாவது ராத்திரியோட முதல் பங்கு. அடுத்த யாமத்துல நெடுங்கடையெல்லாம் அடைச்சாச்சு, இனிப்புப் பண்டம் விக்கிற கூவியர் விக்கிற எடத்துலயே தூங்கி விழறாங்க, திருவிழாவுல ஆடுன கூத்தரும் படுத்தாச்சு. அதுக்கும் அடுத்த யாமத்துல முழிச்சிருக்கறது ரெண்டே கூட்டம்தான், கன்னம் வைக்க வர்ற களவாணியும் அவனத் தேடி அலையுற ஊர்க்காவலரும். பாட்டு எழுதுனவருக்கு மதுரை தூங்குறது நல்லாவே தெரிஞ்சிருக்கு. ரீல்ஸ் போடுற உங்களுக்குத்தான் தெரியல.

டவுன்ஹால் ரோடு:
வாத்தியாரய்யா 🙏🙏 அப்பவே கடைய அடைச்சு ஊர்க்காவல் போட்டாச்சு, இப்பவும் அதேதான், ஜீப் மட்டும் புதுசு.

சால்னா கிங்:
ஐயா அந்தக் கூவியர் கடையிலயே தூங்குனாருன்னா கடை தொறந்துதானய்யா இருந்திருக்கு? எழுப்புனா அப்பம் கிடைச்சிருக்கும்ல. நான் எழுப்பியிருப்பேன்.

கோயமுத்தூர் மாப்ள:
ஏனுங்க, நாங்கெல்லாம் ஒம்போதரைக்கே படுத்துக்குவோமுங்க, அதுக்குன்னு பட்டம் ஒன்னும் கேக்கலீங்க. பொண்டாட்டி ஊருக்கு வந்தா மட்டும் மச்சாங்க ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி "வாங்க மாப்ள, ஊரச் சுத்திக் காட்டுறோம்"ங்கறாங்க. சுத்துனா ஒரு டீ கெடைக்குது, அதுவும் பஸ் ஸ்டாண்டுல.

வைகை வடகரை:
மாப்ளைக்கு மச்சாங்க டீ வாங்கிக் குடுத்ததே பெருசு. கம்முனு இருங்க.

மில்லுக்காரர் மகன்:
நீங்க எல்லாரும் சாப்பாட்டுக் கடைய வச்சே பேசுறீங்க. இந்த ஊரு ஏன் ராத்திரி முழிச்சிருந்துச்சுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? எங்கப்பா ஹார்வி மில்லு, அதான் மதுரா மில்லு. பக்கத்து வீட்டு மாமா மீனாட்சி மில்லு. சங்கு ஊதுனா வீட்ல கடிகாரம் பாக்க வேணாம். நடுராத்திரில ஷிப்ட் முடிஞ்சு ஆளுக கும்பல் கும்பலா சைக்கிள்ல வெளிய வருவாங்க, உள்ள போற கும்பல் ஒன்னு எதுக்க வரும், அம்புட்டுப் பேருக்கும் டீ வேணும், இட்லி வேணும், பீடி வேணும். அப்ப கடைக்காரன் தொறந்து வைக்காம என்ன செய்வான்? தூக்குவாளில அப்பா வாங்கிட்டு வர்ற ராத்திரி இட்லிக்காக நாங்க தூங்காம கெடப்போம், அம்மா திட்டும். மீனாட்சி மில்ல மூடுனாய்ங்க, ஹார்வில ஆளு கொறஞ்சு போச்சு, அப்புறம் யாருக்குக் கடை தொறக்கறது? போலீஸ் ஜீப்பு வந்துதான் மதுரை தூங்குச்சுங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். சங்கு நின்னப்பவே பாதி ஊரு படுத்துருச்சு.

கோரிப்பாளையத்தான்:
இது நல்ல பாயிண்டு. ஆனா ஜீப்ப அப்படி லேசுல விடக்கூடாது. 2019 ஜூன்லயே தமிழ்நாடு பூராம் கடைங்க 24 மணி நேரமும் தொறக்கலாம்னு அரசாணை வந்துச்சு, 2022ல நீட்டிக்கவும் செஞ்சாங்க. அப்புறம் ஏன் பதினொரு மணிக்கு லத்தியால ஷட்டரத் தட்டுறாங்க?

சட்டம் பேசுறவன்:
ஆணைய முழுசாப் படிங்க பங்காளி. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கடைக்குத்தான் அது. நம்ம பரோட்டாக் கடையில மாஸ்டர் ஒருத்தரு, சப்ளை ரெண்டு, கல்லாவுல ஓனரு, பாத்திரம் கழுவ ஒரு அம்மா. கூட்டிப் பாத்தாலும் அஞ்சுதான். பெரிய ஏசி துணிக்கடை, சூப்பர் மார்க்கெட்டு வேணா விடிய விடிய தொறக்கலாம், அவன் தொறக்க மாட்டான், ராத்திரி ரெண்டு மணிக்கு எவன் பட்டுச்சேலை எடுக்க வர்றான். தொறக்கணும்னு நெனைக்கிற தள்ளுவண்டிக்காரனுக்கு அந்த ஆணையில எடமில்ல. மதுரையோட ராத்திரியே சின்னக் கடைக்காரன் கையிலதான் இருக்கு, அவனத்தான் வெளிய நிறுத்தியிருக்கு. இதுல சதியெல்லாம் ஒன்னும் இல்ல, எழுதுனவங்களுக்கு கொத்து பரோட்டா ஞாபகம் வரல, அம்புட்டுத்தான்.

சால்னா கிங்:
அப்ப கடைக்காரரு எங்கள மாதிரி அஞ்சு ரெகுலர் கஸ்டமர வேலைக்குச் சேத்துக்கிட்டா பத்து ஆயிருமா? சம்பளம் வேணாம், சால்னா போதும்.

அனுப்பானடி அக்கா:
தம்பிகளா, ரொம்ப நேரமா வாசிச்சுக்கிட்டு இருக்கேன், ஒன்னு சொல்லிட்டுப் போறேன். "ஊரு முழிச்சிருக்கு"ன்னு நீங்க சொல்ற ஊருல பொம்பளைங்க எங்க இருக்காங்க? நான் ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாக்குறவ. ரெண்டு மணிக்கு ஒரு டீ குடிக்கணும்னா எதுக்க கடை தொறந்துதான் இருக்கு, ஆனா அங்க நிக்கறது பூராம் ஆம்பளைங்க, நான் போய் நின்னா பேச்சு நின்னு போகும், கடைக்காரரு மரியாதையாத்தான் "உள்ள குடுத்து விடுறேன்மா, நீங்க போங்க"ம்பாரு. அந்த மரியாதை எனக்கு வேணாம், அங்கயே நின்னு குடிக்கணும். நீங்க சொன்ன ஆணையிலயே எட்டு மணிக்கு மேல பொம்பளைங்க வேலை பாக்கணும்னா எழுதிக் குடுக்கணும், பாதுகாப்பு குடுக்கணும்னு இருக்கு, அது நல்லதுதான். ஆனா ராத்திரி வேலை முடிச்சு வீட்டுக்குப் போக டவுன் பஸ்ஸு கெடையாது, ஆட்டோக்காரரு சொல்றதுதான் ரேட்டு. சித்திரைத் திருவிழா ராத்திரி மட்டும் நாங்க முழிச்சிருக்கலாம். மத்த நாளு தூங்கா நகரம்ங்கறது உங்க பாதிப் பேருக்கு மட்டும்தான்.

டவுன்ஹால் ரோடு:
அக்கா, நான் இந்தக் கோணத்துல யோசிக்கல. லைக் போட்டுட்டேன்.

சால்னா கிங்:
அக்கா சொன்னது நெசம். அதுக்கு எதிரா என்கிட்ட ஒன்னும் இல்ல. ஆனா சித்திரைத் திருவிழாவ அப்படி "மட்டும்"னு சொல்லிக் கடக்க முடியாதுக்கா. அழகர எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்னைக்கு தல்லாகுளம் பக்கம் வாங்க, அழகர் வர்ற பாதை பூராம் மண்டகப்படி மண்டகப்படியா நின்னு நின்னு வருவாரு, சர்க்கரை நெறச்ச செம்புல சூடம் ஏத்தி வச்சுக்கிட்டு கெழவில இருந்து கைக்கொழந்தைக்காரி வரைக்கும் ரோட்டுலயே உக்காந்திருப்பாங்க, விடிகாலையில ஆத்துல எறங்குற வரைக்கும் ஒரு பய தூங்க மாட்டான். அதோட முடியுதா? அடுத்து ராமராயர் மண்டபத்துல விடிய விடிய தசாவதாரம். அப்புறம் பூப்பல்லக்கு. எந்த ஊருல இப்படி வரிசையா ராத்திரி முழிப்பாங்க?

டவுன்ஹால் ரோடு:
அது சாமி முழிச்சிருக்கற நாளு கிங்கு. மத்த நாளு மீனாட்சி கோயில்லயே பத்து மணி வாக்குல பள்ளியறை பூசை முடிஞ்சுரும், சொக்கநாதர் வெள்ளிப் பாதத்தைப் பல்லக்குல வச்சு அம்மன் சன்னதிக்குக் கொண்டு போய் விட்டுட்டு நடையச் சாத்திருவாங்க. மதுரைக்கு ராஜா ராணியே பத்து மணிக்குப் படுத்தாச்சு, நீ எதுக்கு முழிச்சுக்கிட்டு இருக்க?

கோயமுத்தூர் மாப்ள:
அப்ப எங்கூரு டைமிங்குதானுங்க சாமிக்கும். 😄

மாட்டுத்தாவணி லோடு ஏத்துறவன்:
எல்லாரும் மாசி வீதியிலயே சுத்துறீங்க. ஊரு அங்கிட்டு இருந்து எடம் மாறி ரொம்ப நாளாச்சுண்ணே. 1999ல பஸ் ஸ்டாண்டு மாட்டுத்தாவணிக்கு வந்துச்சு, அப்புறம் கோயில் பக்கத்துல இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் இங்கிட்டு வந்துருச்சு, பூ மார்க்கெட்டும் இங்கதான். ராத்திரி ஒரு மணிக்கு ஒட்டன்சத்திரத்து லாரில இருந்து முருங்கைக்கா எறக்கும்போது வந்து பாருங்க எவன் தூங்குறான்னு. மூனு மணிக்கு மேல பூ வரும். நெலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் தலையில லைட்டக் கட்டிக்கிட்டு மொட்டாவே பறிச்சுருவாங்க, விரிஞ்சா வெல போச்சு. ஈரச் சாக்கப் பிரிச்சு தராசுல கொட்டும்போது ஒரு வாசம் அடிக்கும் பாருங்க, ஒங்க ரீல்ஸுல அது வராது. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்கள்ல, அந்தக் குறியீட்டத் தலையில தூக்கிச் சொமக்கறது நாங்கதான். முகூர்த்த நாள்ல கிலோ ஆயிரத்தத் தாண்டும், மத்த நாள்ல இருநூறுக்கும் தள்ளி விடுவாங்க. விடியறதுக்குள்ள வெல ரெண்டு தடவ மாறிரும், தூங்குனா யாருக்கு நட்டம்? நீங்க பொழுதுபோக்குக்கு முழிக்கறீங்க, கெடைக்கலன்னு ஊரத் திட்டுறீங்க.

மில்லுக்காரர் மகன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்க நல்லாச் சொல்லிட்டீங்க. வேலை இருக்கற பக்கம் ஊரு முழிச்சிருக்கும்.

டவுன்ஹால் ரோடு:
லோடுக்காரண்ணே, மறுக்கல. ஆனா பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் ராத்திரி ஓடாத ஊரே தமிழ்நாட்டுல கெடையாது. கோயம்பேடு தூங்குதா? ஒட்டன்சத்திரம் தூங்குதா? அவங்களுக்கெல்லாம் பட்டம் குடுத்தோமா?

மாட்டுத்தாவணி லோடு ஏத்துறவன்:
ஒட்டன்சத்திரத்துக்குக் குடுங்க, நான் வேணாம்னு சொல்லல. எங்களுக்கு பட்டமும் வேணாம், மழை பெஞ்சா சகதில கால் புதையாத மாதிரி ஒரு தளம் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.

வைகை வடகரை:
ஏர்போர்ட்டு கூட 2024 அக்டோபர்ல இருந்து 24 மணி நேரமும் இயங்கும்னு அறிவிச்சாச்சு. அதையும் சேத்துக்கங்க.

கோரிப்பாளையத்தான்:
அறிவிச்சது சரி, ராத்திரி எத்தன பிளைட்டு எறங்குதுன்னு கேளுங்க. ரன்வே முழிச்சிருக்கு, பிளைட்டுதான் வரக் காணோம். அங்கயாச்சும் ஒரு பரோட்டாக் கல்லப் போட்டா உபயோகமா இருக்கும்.

தமிழ் வாத்தியார் (ஓய்வு):
டவுன்ஹால் ரோடு தம்பி, ஒரே ஒரு சந்தேகம். பட்டத்தத் திருப்பிக் குடுக்கணும்ங்கறீங்க, சரி. யார்கிட்டக் குடுக்கறது? மாநகராட்சி குடுத்த பட்டமா இது?

டவுன்ஹால் ரோடு:
ஐயா அதெல்லாம் வேணாம், சும்மா அலப்பறைய மட்டும் கொறச்சாப் போதும். சரி, பேசிப் பிரயோஜனமில்ல. வர்ற சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு கோரிப்பாளையம் சிக்னல்ல கூடுவோம், அங்க இருந்து மாசி வீதி, அப்படியே பெரியாரு பஸ் ஸ்டாண்டு, அரப்பாளையம், கடைசில பூ மார்க்கெட்டு. எது தொறந்திருக்கு எது மூடியிருக்குன்னு நேர்லயே பாத்துருவோம். அக்காவும் வரணும், டீ நின்னே குடிக்கலாம், எவன் பேச்ச நிறுத்துறான்னு பாப்போம். தோத்தவன் எல்லாருக்கும் கறி தோசை.

அனுப்பானடி அக்கா:
சனிக்கிழமை எனக்கு லீவு. வர்றேன். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன், அவரு வண்டில தூங்கட்டும்.

மாட்டுத்தாவணி லோடு ஏத்துறவன்:
மூனு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா மூடை தூக்கச் சொல்லிருவேன்.

கோரிப்பாளையத்தான்:
நான் ரெடி. சால்னா கிங்கு, நீதான் மெயின் ஆளு, என்னப்பா சத்தத்தையே காணோம்?

சால்னா கிங்:
வரலாம்ணே… ஆனா எங்க ஹவுஸ் ஓனரு பத்தரைக்கு கேட்டப் பூட்டிருவாரு. வெளிய வர்றது கூடப் பிரச்சன இல்ல, செவுரு ஏறிக் குதிச்சுருவேன், சாப்புட்டு வந்து திரும்ப ஏற முடியாது. பகல்ல வச்சுக்க முடியாதா?