பர்கூர் மலையில் சாட்டிலைட் போன் சிக்னல் எடுக்கவில்லை

வணக்கமுங்க. அந்தியூருக்கு மேலே, பர்கூர் மலையில் எங்கள் ஊர். பெருமழையில் பாதை மண்சரிந்து, கரண்டும் போனால் செல்போன் டவர் அடங்கிவிடும். பிரசவ வலி என்றாலும் கீழே சொல்ல வழியில்லை. அதற்காகவே உரிய அனுமதியோடு ஐசாட்போன் 2 என்ற சாட்டிலைட் போன் வைத்திருக்கிறோம்.

போன ஐப்பசியிலிருந்து ஊருக்குள் ஜிபிஎஸ் கிடைக்கிறது. ஆனால் போன் சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டே நிற்கிறது. முழு சார்ஜ் போட்டு, சிம்மைக் கழற்றி மாட்டி, ஆன்டெனாவை நிமிர்த்தித் தெற்கே காட்டியும் பார்த்தாயிற்று. அந்தியூர் மைதானத்தில் உடனே எடுக்கிறது, அப்போ கருவியில் பழுதில்லை. சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பது. எங்களுக்குத் தெற்கில் கரடும் உயர்ந்த மரங்களும். மரம் வெட்ட மனமில்லை.

பள்ளிக்கூட மாடியில் கம்பம் நட்டு வெளி ஆன்டெனா வைத்தால், கேபிள் எத்தனை மீட்டர் வரை போகலாம்?