எல்லையில் படை நிறுத்திய கம்ப்யூட்டர் ராஜாவும் நானும்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பாலக்கோட்டான்:
சிவிலைசேஷன் 5, டர்ன் டர்னாக (முறை வைத்து) நாட்டை வளர்த்து ஆளும் கம்ப்யூட்டர் விளையாட்டு. பக்கத்து நாட்டு ராஜா, கம்ப்யூட்டர் ஆடும் அலெக்சாண்டர். என் எல்லை ஊருக்கு வெளியே ஏழு படையை நிறுத்திவிட்டார். நானும் விழித்திருக்கிறேன் என்று காட்ட மூன்று வில்லாளிகளை அந்தப் பக்கம் நகர்த்தினேன். உடனே குதிரைமேல் வந்து நின்று, படை எதற்கு என்று என்னையே கேட்கிறார். பதில் இரண்டுதான்: சும்மா கடந்து போகிறோம், இல்லையென்றால் இப்போதே போர். ராத்திரி பதினொன்றரை. அந்த இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "நீ முதலில் பின்வாங்கு, இல்லாவிட்டால் அடிப்பேன்" என்று சொல்ல வழியே இல்லை. கடந்து போகிறோம் என்று அழுத்தினேன். மூன்றாவது டர்னில் அடித்தார். ஊர் போனது. அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

கிருஷ்ணகிரி மாங்கா மண்டி:
எனக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் விளையாட்டு. பள்ளிக்கூட நாளில், பிரவுசிங் சென்டரில். எதிரிக்குத் தங்கம் கொடுத்தால் விட்டுவிடுவான் என்று அண்ணன் சொன்னான். 500 அனுப்பினேன். கழிவைக் குறைக்கும் காயினேஜ் ஆராய்ச்சியை விளையாட்டில் செய்யாததால் 30 சதவீதக் கழிவு சேர்ந்து 650 போனது. போன கையோடு அவன் குதிரைப்படை என் வயலில் ஏறியது. கூட்டாளிக் கம்ப்யூட்டருக்கு அரட்டையில் 3 என்று தட்டினால் சாப்பாடு கேட்கிறோம் என்றாவது புரியும். எதிரிக்குக் காதே கிடையாது.

ஓசூர் நைட் ஷிப்ட்:
பாலக்கோடு அண்ணா, மூன்று வில்லாளிக்கு யார் பயப்படுவார்? கம்ப்யூட்டர் உங்கள் படைபலத்தை எண்ணிப் பார்த்துத்தான் துணிகிறது. 2016-ல் வந்த சிவிலைசேஷன் ஆறாம் பதிப்புக்கு மாறுங்கள். ஒரு தலைவருக்கு உங்களைப் பிடிக்கிறதா, ஏன் பிடிக்கவில்லை என்பதெல்லாம் பிளஸ், மைனஸ் போட்டுத் தெரியும். சந்தித்ததும் 25 தங்கத்துக்குத் தூதுக்குழு அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஏற்காமல் போகலாம். 2019 விரிவாக்கத்தில் மனக்குறைக்கும் ஒரு கணக்கு வந்தது. வாக்கு மீறினால் ஏறும், நாளாக ஆகக் குறையும். என் கதை சின்னது: தன்னிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் என்னிடம் இருக்கிறது என்பதற்காகவே அஸ்டெக் ராஜா மான்டெசூமா முறைத்தார். அதையே அவருக்கு விற்றேன், அடங்கினார்.

அதியமான்கோட்டை டீச்சர்:
தம்பி, படையை எண்ணுவது வேறு, மிரட்டலைப் புரிந்துகொள்வது வேறு. தகடூர் என்பது நம் தருமபுரிதானே. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை என்ன செய்தார்? மாலை சூட்டி, நெய் பூசி அடுக்கியிருந்த அவன் ஆயுதங்களைப் பார்த்தார். எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவ்வளவுதான். முறிந்த நுனி, நடந்த போருக்குச் சாட்சி. கம்ப்யூட்டருக்கும் அந்த ஞாபகம் வேண்டும்: இவன் முன்பு சொன்னதைச் செய்தவனா? என்ன கேட்கிறான், எத்தனை டர்ன் தவணை, மறுத்தால் என்ன ஆகும் என்று பேசவும் இடம் வேண்டும். என் மகனோடு விளையாடும்போது, தோற்கடித்து மன்னித்து அனுப்பிய எதிரி மறுபடி அதே மேட்டில் வந்து நின்றான். பையன் கேட்டான்: "அவனுக்கு நேத்து நடந்தது ஞாபகமே இல்லையாம்மா?"

பாலக்கோட்டான்:
ஓசூர் தம்பி, அன்றைக்கு என்னிடம் இருந்ததே அந்த மூன்றுதான். டீச்சர், அந்த ஆட்டத்தை அவர் கேள்வி கேட்ட இடத்தில் சேமித்த சேவ் இன்னும் வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி திறந்து, போர் என்பதை அழுத்தப் போகிறேன்.