தனியாகப் பிரித்த மாட்யூல்களுக்கு எந்தத் தகவல் பரிமாற்ற முறை? எங்கள் அனுபவம்

எங்களுடையது ஜாவாவில் எழுதிய பெரிய ஓஎஸ்ஜிஐ (OSGi, ஜாவா நிரலை 'பண்டில்' எனும் தனித்தனி மாட்யூல்களாகக் கட்டும் முறை) அப்ளிகேஷன். அதில் ரிப்போர்ட் தயாரிக்கும் பண்டில் மட்டும் மெமரியை விழுங்கிக்கொண்டிருந்ததால் அதை வேறு சர்வருக்கு மாற்ற முடிவானது. அப்பாச்சி ஏரிஸ் ஆர்எஸ்ஏ (ஓஎஸ்ஜிஐ சேவையை வேறு சர்வரிலிருந்தும் அழைக்க உதவும் மென்பொருள்), சாதாரண ரெஸ்ட் (ஹெச்டிடிபி வழி அழைப்பு), மெசேஜ் கியூ (கோரிக்கைகளை வரிசையில் போட்டுவைத்துப் பிறகு எடுத்துச் செய்வது) என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. எது வேகம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். வேகத்தை ஒப்பிடும் முன் இன்டர்ஃபேஸை, அதாவது சேவையை எந்தெந்த அழைப்புகளால் பயன்படுத்தலாம் என்ற வரையறையை, திறந்து பாருங்கள் என்பதைத்தான் இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஓஎஸ்ஜிஐயில் ஒரு சேவையை வெளியே காட்டுவது மிக எளிது. 'சர்வீஸ்.எக்ஸ்போர்ட்டட்.இன்டர்ஃபேசஸ்' என்ற பண்பைச் சேர்த்தால் போதும், நிரல் அப்படியே ஓடும். ஆபத்தும் அங்கேதான். எங்கள் இன்டர்ஃபேஸில் ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியின் விவரத்துக்கும் தனித்தனி அழைப்பு இருந்தது. ஒரே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் சூழல்) அது பொருட்டே இல்லை. நெட்வொர்க்கில் ஒரு அழைப்பு போய்வர அரை மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், 2000 வரிக்கு ஒரு முழு செகண்ட் போய்விடும். எந்த புரோட்டோகாலை மாற்றினாலும் இது தீராது. மொத்த வரிகளையும் ஒரே அழைப்பில் வாங்கும்படி இன்டர்ஃபேஸைத் திருத்திய பிறகுதான் மூன்றையும் ஒப்பிடுவதற்கே அர்த்தம் வந்தது.

இன்னொன்று சத்தமில்லாமல் வந்தது. சேவை திருப்பித் தந்த லிஸ்டில் ஒரு பழைய மாட்யூல் நேரடியாகத் திருத்தம் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவரை இருவர் கையிலும் ஒரே ஆப்ஜெக்ட். வெளியே போனதும் வருவது நகல்தான். பிழைச்செய்தி எதுவும் வராது, திருத்தம் மட்டும் காணாமல் போகும்.

அப்புறம் டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோவது. பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. நடந்து முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு அடையாள எண் வைத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய முடிவையே தரும்படி செய்தோம். 'ஓஎஸ்ஜிஐ.பேசிக்.டைம்அவுட்' பண்பையும் வெளிப்படையாக அமைத்தோம்.

சேவையைக் கண்டுபிடிக்க ஜூகீப்பர் (எந்தச் சேவை எங்கே ஓடுகிறது என்று பதிவு வைக்கும் மென்பொருள்) வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சர்வர் திடீரென்று விழுந்தால், ஜூகீப்பரோடு அதற்கிருந்த செஷன் (தொடர்பு) காலாவதியாகும் வரை அந்தச் சேவை உயிரோடு இருப்பதாகவே மற்றவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் போகும் அழைப்புகள் தோற்கும் என்று எண்ணியே எழுத வேண்டும்.

கடைசியில், உடனே பதில் வேண்டிய சிறு கேள்விகளுக்கு ஆர்எஸ்ஏ, நிமிடக்கணக்கில் ஓடும் ரிப்போர்ட்டுக்கு மெசேஜ் கியூ என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் ஜாவாவாக இருந்ததால் இது சரிப்பட்டது.

பதில்:

நீங்கள் சொன்ன கடைசி வரிதான் எங்களுக்குத் தடையாக இருந்தது. ஒரு பக்கம் ஜாவா, மறுபக்கம் பைத்தான், அதனால் பல மொழிகளுக்கும் பொதுவான அழைப்பு முறையான ஜிஆர்பிசிக்குப் (gRPC) போனோம். அழைப்புகளையும் தரவின் வடிவத்தையும் வரையறுக்கும் புரோட்டோபஃப் கோப்பே இரு அணிக்கும் ஒப்பந்தமாக இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் பழைய லோட் பேலன்சரையே (வேலையைச் சர்வர்களுக்குப் பங்கிடுவது) வைத்திருந்ததால், புதிதாகச் சேர்த்த சர்வர்கள் சும்மா இருக்க, பழையது ஒன்றே திணறியது. ஜிஆர்பிசி ஹெச்டிடிபி/2 மேல் ஓடுகிறது, ஒரே இணைப்பைத் திறந்து வைத்து எல்லா அழைப்பையும் அதிலேயே அனுப்பும். இணைப்புகளை மட்டும் பங்கிடும் பேலன்சருக்கு உள்ளே ஓடும் அழைப்புகள் தெரியாது. ஒவ்வொரு அழைப்பையும் பிரித்து அனுப்பும் ப்ராக்ஸிக்கு (இடையில் நிற்கும் சர்வர்) மாறியதும் சரியானது. டெட்லைனும் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) தானாக அமையாது, நாம்தான் வைக்க வேண்டும். வரும் மெசேஜின் இயல்பான உச்சவரம்பு 4 எம்பி, எனவே பெரிய ரிப்போர்ட்டை ஸ்ட்ரீமாக, அதாவது சிறு துண்டுகளாகத் தொடர்ச்சியாக, அனுப்புங்கள்.