ஆர்டர் பாதியாகிவிட்டது, ஆட்களிடம் என்ன சொல்வது?

அட்டைப்பெட்டி:
பொருள் அடைத்து அனுப்பும் அட்டைப்பெட்டி செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது, 9 பேர் வேலை செய்கிறார்கள். மந்தம் என்று ஊரே பேசியபோது நமக்கெல்லாம் வராது என்று இருந்துவிட்டேன். இப்போது 5 மாதமாக ஆர்டர் பாதிக்கும் கீழே. 30 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 70 நாளாகியும் வரக் காணோம். விலையை 10 சதவீதம் குறைக்கலாமா, இல்லை இரண்டு பேரை நிறுத்தலாமா என்று மண்டையைக் குடைகிறது. அதைவிடக் கஷ்டம், காலையில் உள்ளே நுழைந்ததும் 9 பேரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ‘பாசிட்டிவா இருங்க’ என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், அது நிறையக் கேட்டாயிற்று.

கணக்குப்புலி:
விலையில் கை வைக்கும் முன் பேனாவை எடுங்கள் சார். 100க்கு விற்கும் பெட்டியில் மூலப்பொருள் செலவு போக 30 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 குறைத்தால் நிற்பது 20தான். பழையபடி கையில் நிற்க ஒன்றரை மடங்கு பெட்டி விற்றாக வேண்டும், வாங்க ஆளில்லாத நேரத்தில் அதற்கு எங்கே போவீர்கள்? அதற்குப் பதில் ஆர்டர் அளவைச் சின்னதாக்குங்கள். 1000க்குக் குறைந்து தரமாட்டேன் என்றிருந்தால் 200 கூடத் தாருங்கள், இப்போது எல்லாரும் சரக்கைத் தேக்கி வைக்கப் பயப்படுகிறார்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் 13 வாரத்துக்கு 13 கட்டம் போடுங்கள், வாராவாரம் உள்ளே வரும் பணம், வெளியே போகும் பணம். வரவில் எழுதவேண்டியது பாக்கிக்காரர்கள் ‘தருகிறேன்’ என்று சொன்ன தேதியை அல்ல, போன தடவை உண்மையில் தந்தார்களே, அந்தக் கணக்கை. எந்த வாரம் மைனஸில் போகிறது என்று தெரிந்ததும் அன்றைக்கே வங்கியில் போய்ப் பேசுங்கள். தவணை தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பழையலேத்:
2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி திவாலானபோது அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தவன் நான். மூன்றே மாதத்தில் என் லேத்துகள் நின்றன. இரண்டு பேரை நிறுத்தினேன், அதில் ஒருவருக்குத்தான் பழைய மெஷினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லத் தெரியும். ஆர்டர் திரும்பியபோது அவர் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் பல கம்பெனிகள் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தன, அதனால் குறைந்துபோன கூலியில் ஒரு பங்கை அரசு ஈடுகட்டியது. அப்படி உதவி கிடைக்காவிட்டாலும் வாரம் 4 நாள் வேலை என்று கேட்டுப் பாருங்கள்.

முகத்தைப் பற்றிச் சொன்னீர்களே, நான் தினமும் சிரித்துக்கொண்டே வருவேன். ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று போனில் கடன் கேட்டது அவர்கள் காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் நிஜமாகவே நல்ல செய்தி சொன்னபோதும் ஒருவரும் நம்பவில்லை.

நடுவில்_ஒருவன்:
4 நாள் வேலை எல்லா இடத்திலும் ஒத்துவராது அண்ணே. கூலி குறைந்தால் முதலில் கிளம்புவது நன்றாக வேலை தெரிந்தவர்தான். எத்தனை மாதத்துக்கு என்று தேதி போட்டுச் சொல்லுங்கள், உங்கள் சம்பளத்தை முதலில் குறையுங்கள்.

அட்டைப்பெட்டி:
13 கட்டம் போட்டேன், 8வது வாரம் மைனஸ். நேற்று நோட்டை அப்படியே அவர்கள் முன்னால் விரித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் வண்டி ஓட்டுபவர், “பெரிய பாக்கிக்காரர் கிடங்குல நம்ம பெட்டி கட்டே பிரிக்காம கிடக்குண்ணே” என்றார். மாதக்கணக்கில் அங்கே போய்வருகிறார், நான் ஒரு நாளும் கேட்டதில்லை! பெயர் அச்சடிக்காத கட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு பாக்கியில் கழிக்கலாமா என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன்.

கணக்குப்புலி:
கேளுங்கள், 200 பெட்டி ஆர்டர்களை அதிலிருந்தே கொடுத்துவிடலாம். அடிக்கட்டு ஈரம் பட்டிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.