சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் பூனை, நாய் வாடை: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை

சென்னையில் விசேஷம் என்றால் நாங்கள் தங்குவது சித்தி வீட்டில்தான். வெளியே ரூம் போட்டோம் என்று தெரிந்தால் சித்தி மனசு விட்டுப்போய்விடும். சித்தப்பா தவறிய பிறகு அவருக்குத் துணை இரண்டு பூனைகள். பெர்சியன் கடுவன் ஒன்று, தெருவில் கிடந்ததை எடுத்து வளர்த்த பெட்டை ஒன்று. மூன்றாவது மாடி ஃபிளாட். பூனை குதித்துவிடும் என்ற பயத்தில் ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். கதவு திறந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி முகத்தில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் இன்னும் மோசம்.

வருகிறவர்கள் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். காபியைப் பாதி குடித்துவிட்டு ‘அவசரமா போகணும்’ என்று கிளம்பிவிடுவார்கள். ராத்திரி தங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். சித்திக்கோ அந்த நெடி உண்மையிலேயே தெரியாது. ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். அங்கேயே வாழ்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம். இது புரிந்தால் ‘எப்படித்தான் இதுக்குள்ள இருக்காங்களோ’ என்கிற எரிச்சல் நமக்கு வராது.

தங்குகிற நாட்களில் நான் செய்வது இதுதான். பால்கனிக் கதவை ஒட்டி ஹாலில் பாய் போட்டுக்கொள்வோம். துணி எதையும் நாற்காலியில் போடாமல் பெட்டிக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுவேன். தலையணை உறை நம்முடையதைக் கொண்டுபோவது நல்லது. ‘எனக்கு என் உறை இல்லேன்னா தூக்கம் வராது’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதியம் பூனைகள் உள்ளறையில் தூங்கும்போது அந்தக் கதவைச் சாத்திவிட்டு ஹால் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுவேன்.

போன முறை முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கடுவன் பீரோ பக்கம் வந்து, திரும்பி நின்று, வாலை நேரே தூக்கி அதன் நுனியை வெடவெடவென்று நடுக்கி, பின்னால் சுவரில் பீய்ச்சியது. குனிந்து பார்த்தால் அந்த உயரத்தில் சுவர் முழுக்க மஞ்சளாக வழிந்து காய்ந்த கோடுகள். சித்தி தினமும் தரையைத் துடைக்கிறார், பூனைகள் மலஜலம் கழிக்கும் மண் தட்டை மாற்றுகிறார். நெடி வந்தது சுவரிலிருந்து.

மறுநாள் காலை சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். “சித்தி, பையன் செவுத்துல பீய்ச்சுறான். எல்லை குறிக்கிறான் போல. ஆபரேஷன் பண்ணிட்டா பெரும்பாலும் நின்னுடுமாம். நானே கூட வர்றேன், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்.” சித்தி அடுப்பைத் தணித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “வாசல்ல நுழையறப்ப எல்லாரும் மூஞ்சிய ஏன் ஒரு மாதிரி வச்சுக்கறாங்கன்னு இப்பத்தான் புரியுது. ஒருத்தராவது சொல்லலையேடி” என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூக்கைப் பொத்தாமல் சிரித்துப் பேசுவதுதான் மரியாதை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த மரியாதையில் சித்தி வீட்டுக்கு ஆள் வரத்தே நின்றுகொண்டிருந்தது.

கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டி, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. கடுவனின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற பொருள் அதிகமாம். அது சிதையும்போதுதான் கந்தகம் கலந்த அந்த நெடி கிளம்புகிறது. விதை எடுத்த பிறகு ஃபெலினின் சுரப்பு வெகுவாகக் குறையும். பத்தில் ஒன்பது கடுவன்கள் பீய்ச்சுவதையும் விட்டுவிடும் அல்லது குறைத்துக்கொள்ளும். உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும்.

நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? வாய் திறந்து சொன்னவர்கள் இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கொங்குநாட்டான்

எங்கள் கதை நாய்க் கதை. தங்கச்சி வீட்டு லேப்ரடார். வாரம் தவறாமல் குளிப்பாட்டுகிறார்கள், இருந்தும் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. அது வந்து மடியில் தலை வைத்தபோது காதுமடலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு அப்பியிருந்தது, தோல் சிவந்திருந்தது. பூஞ்சைத் தொற்று என்றார் டாக்டர். தொங்கும் காது உள்ள நாய்களுக்குக் காற்றோட்டம் குறைவு, குளித்துவிட்டுக் காதைத் துடைக்காமல் விட்டால் இது வரும். சொட்டு மருந்து போட்டார்கள், வாடை போயிற்று.

நாய்க்கு அடிக்கடி குளியல், அதுவும் நம்முடைய ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினால் தோல் காய்ந்து அரிப்பு வந்து வாடை கூடத்தான் செய்யும். மீன் கவிச்சி மாதிரி திடீரென்று அடித்தால் ஆசனவாய்ச் சுரப்பி. வாய் நாறினால் பல்லைப் பாருங்கள்.

மழைக்கால மேகம்

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். வெங்காயம் வதக்கினாலே குமட்டும். கணவரின் தாய்மாமா வீடு நாகர்கோவிலில். போகாமல் இருக்க முடியாது, தலைச்சன் பிள்ளை என்று ஆசையாகக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தை வளர்க்கும் பூனையின் மண் தட்டு, நாங்கள் படுத்த அறைக்கு வெளியே பாத்ரூம் ஓரத்தில் இருந்தது. அதையாவது தாங்கிக்கொண்டேன். பூனைக்காகத் தினமும் மத்தி வேகவைப்பார்கள், அந்த ஆவி வீடெல்லாம் பரவும்போதுதான் என்னால் முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

என்னைப் பார்த்துவிட்டு மாமியார் ஒரே பிடியாகப் பிடித்தார். ‘பூனை இருக்கிற வீட்ல கர்ப்பிணி இருக்கக்கூடாது, அதைக் கொண்டுபோய் எங்காவது விட்டுட்டு வாங்க’ என்றார். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. நான் என் டாக்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டேன். பயப்பட வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு, அது பூனையின் மலத்தில் வரலாம், ஆனால் வெளியே வந்ததும் தொற்றாது, ஒன்று முதல் ஐந்து நாள் ஆனால்தான் தொற்றும் பருவத்துக்கு வரும் என்றார். தினமும் வேறு யாராவது தட்டைச் சுத்தம் செய்துவிட்டால் போதும், நான் அதைத் தொடக்கூடாது. தோட்ட மண்ணில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கறியை நன்றாக வேகவைக்க வேண்டும். பூனையை விரட்டத் தேவையே இல்லை என்றார்.

அன்றைக்கே அத்தை தட்டைத் துணி துவைக்கிற கல் பக்கம் மாற்றினார். மத்தியை விறகடுப்பில், கொல்லையில் வைத்து வேகவைத்தார். எனக்கு எலுமிச்சை இலை கிள்ளி கையில் கொடுத்து, குமட்டினால் மோந்துகொள்ளச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் ஊருக்குக் கிளம்பியிருந்தால் அந்தப் பூனையின் கதி என்ன ஆகியிருக்குமோ, இப்போது நினைத்தாலும் கலக்கமாக இருக்கிறது.

பூனைக்காரி

நான் வளர்க்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வைகைக்கரை சொன்ன சித்தி நிலைமையில் நானும் இருந்திருக்கிறேன். வந்தவர்கள் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அது வலித்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது, அதைத் தயவுசெய்து எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம், வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து, வேலைக்காரம்மாவிடம் சொல்லி ஹால் முழுக்க பினாயிலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் துடைக்க வைத்துவிட்டார். பூனை ஈரத் தரையில் நடந்து, பழக்கப்படி பாதத்தை நக்கியது. சாயங்காலம் நான் வந்தபோது வாயில் எச்சில் ஒழுக, நிற்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கிடந்தது. ட்ரிப்ஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தோம். பினாயில், டெட்டால் வகைகளில் இருக்கும் பீனால் சார்ந்த பொருட்களை நம் கல்லீரல் உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கும் அந்துருண்டையும் பூனைக்கும் நாய்க்கும் விஷம். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

ப்ளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் ஊற்றுவது மனுஷருக்கே ஆபத்து. மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயு வரும்.

சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பத்துப் பேர் நடுவில் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் ‘ச்சீ, தொடாதே’ என்று எங்கள் காதுபடச் சொல்லாதீர்கள், அதுதான் தாங்காது.

தாமிரபரணி

வாடை வேறு, அலர்ஜி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என் அண்ணன் மகனுக்கு இளைப்பு உண்டு. பூனை வளர்க்கும் மாமா வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கும், ஒரு வாடையும் கிடையாது. அங்கே போன ராத்திரியே பிள்ளைக்கு வீசிங். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கும் ஒரு புரதம்தான் காரணம். நக்கி நக்கி அது முடியில் ஏறி, காய்ந்து, தூளாகிக் காற்றில் மிதக்கும். பூனையை வேறு இடத்துக்கு அனுப்பினாலும் சோபாவிலும் திரையிலும் மாதக்கணக்கில் இருக்கும். ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே அடித்தால் இளைப்பு கூடும். இப்போது பகலில் மட்டும் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறோம். ராத்திரி தங்குவதில்லை, மாமாவுக்கும் காரணம் தெரியும், வருத்தமில்லை.

நெல்வயல்

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அக்கா வீட்டில் லவ் பேர்ட்ஸ் கூண்டு வாடைக்காக வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். புகை மூட்டத்தில் பறவைகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. கூண்டை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினோம். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. அடியில் விரிக்கும் பேப்பரை அன்றன்றைக்கு மாற்றினாலே வாடை பாதி போய்விடும்.

மணல்மேடு

நாள்பட வளர்த்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போக ஆரம்பித்தால் அதைத் திட்டாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரியப்பா வீட்டுக் கடுவன் சோபாவில், வாசல் மிதியடியில் என்று சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. கொழுப்பு ஏறிவிட்டது என்றார் பெரியப்பா. நான் இருந்த அன்று அது தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, முனகுகிறது, ஒரு சொட்டும் வரவில்லை. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். மூத்திரத் தாரை அடைத்திருந்தது. கடுவனுக்கு இது வந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும் என்றார்கள். டியூப் போட்டு எடுத்துக் காப்பாற்றினார்கள். வயதான பூனை தண்ணீர் நிறையக் குடித்து நிறையப் போனால் சிறுநீரகம் அல்லது சர்க்கரை என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

வைகைக்கரை, ஒரு சந்தேகம். சுவர், மெத்தையில் பழைய வாடையை எப்படிப் போக்கினீர்கள்? பெரியப்பா வீட்டு சோபா இன்னும் நாறுகிறது.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பூனைக்காரி எழுதியதைப் படித்துக்காட்டினேன், சித்தி பினாயில் பாட்டிலை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார்.

மணல்மேடு, சோப்புத் தண்ணீரில் கழுவினால் அப்போதைக்குப் போன மாதிரி இருக்கும், ஈரக்காற்று அடித்தால் திரும்ப வரும். காய்ந்த மூத்திரத்தின் மிச்சம் உள்ளேயே படிந்துவிடும், சாதாரணமாகக் கழுவினால் முழுக்கப் போகாது. மழைக்காலத்தில் நெடி ஏறுவது அதனால்தான். பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள். முதலில் எங்கே பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கிற அந்த ஊதா டார்ச்சை அடித்தால் கறை பளிச்சென்று தெரியும். நாங்கள் நினைத்தே பார்க்காத டிவி ஸ்டாண்டின் பின்பக்கத்தில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

அந்த இடத்தைச் சாதாத் தண்ணீரால் துடைத்து, கிளீனரைத் தொப்பலாக நனையும்படி ஊற்றி, சீக்கிரம் காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். அதற்கு முன்னால் வினிகர், டிடர்ஜென்ட் எதையும் போடாதீர்கள், என்சைம் வேலை செய்யாது. காய்ந்த பிறகு ஆப்ப சோடா தூவி வேக்யூம் போடலாம். பழைய கறைக்கு ஒரு தடவை போதாது. சுவரில் இப்படிச் செய்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்ட் அடித்தோம்.

சோபாவில் உள் ஃபோம் வரை இறங்கியிருந்தால் கிளீனர் எட்டாது, ஃபோமை மாற்றச் சொல்லுங்கள். சித்தி வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை. தையலைப் பிரித்து, நனைந்து கட்டிப்போன பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை மொட்டை மாடி வெயிலில் உலர்த்தி, புதுப்பஞ்சு சேர்த்து அடைத்துத் தைத்தோம். உறையை மட்டும் புதிதாகத் தைக்கக் கொடுத்தோம்.